அஞ்சரைக் கட்டை

நாற்காலியை இழுக்கிறார். நிறுத்துகிறார். கொஞ்சம் யோசிக்கிறார். மறுபடியும், இந்த முறை மெதுவாக, தரை கீறும்படி இழுக்கிறார். அது கத்தி ஓய்ந்ததும் அதே கத்தலை வயலினில் வாசித்துப் பார்க்கிறார். நாற்காலி அளவுக்கு வரவில்லை போலிருக்கிறது. திரும்பவும் நாற்காலி.

இதெல்லாம் என் தலைக்கு மேலே, மாடி வீட்டு வயலின்காரர் வீட்டில் நடக்கிறது. நான் கீழ் வீட்டுக்காரன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மாடியேறிப் போய்க் கதவைத் தட்டினால், ஒரு கையில் வில்லும் மறு கையில் நாற்காலியுமாக வந்து திறப்பார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தால் அது நம் தப்பு.

"வாங்க சார், உங்களத்தான் நெனச்சேன். கீழ எப்படிக் கேக்குது? மேல கொஞ்சம் அழுவுற மாதிரி இருக்கு."

"கீழயும் அழுகைதான் கேக்கும். அது நான்."

"நல்ல வேளை சொன்னீங்க," என்பார், நிஜமான அக்கறையோடு. "அப்ப தரைக்கும் இதுல பங்கு இருக்கு."

கட்டடத்தில் எல்லோரும் அவரைக் 'கலப்படம்' என்றுதான் கூப்பிடுகிறோம், முகத்துக்கு நேராகவே. ஒரு விமர்சகர் அவருடைய கச்சேரியைக் கேட்டுவிட்டு, "இது கலப்பிசை அல்ல, கலப்படம்" என்று எழுதினார். வேறொருவராக இருந்தால் விமர்சகர் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார். இவர் அதைக் கத்தரித்து வயலின் பெட்டிக்குள் ஒட்டிவைத்துக்கொண்டார். "கலப்புன்னா பிரிச்சுடலாம் சார். கலப்படத்தப் பிரிக்கவே முடியாது. அவரு பாராட்டியிருக்காரு, அவருக்கே தெரியல."

அவர் சங்கீதமும் அப்படித்தான். ஆலாபனையைச் சாஸ்திரியமாகத் தொடங்குவார். முன்வரிசைப் பெரியவர்கள் கண்ணை மூடித் தலையாட்டும் நேரம் பார்த்து டிரம்ஸ் உள்ளே இறங்கும். ராக் ஒரு பக்கம், ஜாஸ் ஒரு பக்கம், நடுவில் வழி தவறி வந்ததைப் போல ஒரு நாட்டுப்பாட்டு. மூடிய கண்ணைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பெரியவர்கள் தவிப்பார்கள். சாஸ்திரியக்காரர்களைக் கேட்டால், "அவன் டிஸ்கோவுக்குப் போயிட்டான்" என்கிறார்கள். டிஸ்கோக்காரர்களோ, "அது சாமி பாட்டு கோஷ்டிப்பா" என்கிறார்கள். இரண்டு வீட்டிலும் இடமில்லாமல் நடுவில் உள்ள சந்தில் குடித்தனம் நடத்துகிறார் மனிதர். சந்தில்தான் நல்ல காற்று வருகிறது என்று வேறு சொல்லிக்கொள்கிறார்.

கை சும்மா இருக்காது. பேசும்போது எதிரில் இருப்பவர் தோளில் தாளம் போடுவார். பேச்சு சுவாரசியமாகிவிட்டால் தலையில். ஒருமுறை பல் டாக்டர் துளை போடும் மெஷினை ஓட்ட, அதன் சுருதியோடு சேர்ந்து, திறந்த வாயை மூடாமலே பாடியிருக்கிறார். "ஒண்ணு நீங்க பாடுங்க, இல்ல நான் துளை போடறேன்" என்று டாக்டர் கையை உதறிவிட்டாராம். "அந்த மெஷின் பாவம் சார், எத்தனை வருஷமா தனியாவே பாடிட்டு இருக்கு" என்பது இவர் கட்சி.

குழு சின்னது. டிரம்ஸ் வாசிப்பவர் மைத்துனர். பாடுவது மனைவி, அதாவது அந்த மைத்துனரின் அக்கா. பகலெல்லாம் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை அந்த அம்மாளுக்கு. சாயந்தரம் அதே தொண்டையோடு மேடையேறுவார். அது எப்பேர்ப்பட்ட தொண்டை என்றால், அவர் முதல் வரியை எடுத்ததும் தம்பி சில நேரம் அடிக்க மறந்து குச்சியைத் தூக்கியபடியே நின்றுவிடுவார்.

நடுவில் இரண்டு வருஷம் கலப்படத்துக்குச் சரக்கு தீர்ந்துபோனது. அதற்கு முன்பு அவர் போட்ட ஒரு மெட்டு கேட்டவர் தோளையெல்லாம் குலுக்க வைத்துவிட்டது. அந்த வெற்றிதான் வினையானது. பிறகு எதைப் போட்டாலும் அதே மெட்டு. ராகத்தை மாற்றினார், வேகத்தை மாற்றினார், தொப்பியைக்கூட மாற்றினார். எங்கே சுற்றினாலும் பாட்டு அந்தத் தோள்குலுக்கலிலேயே வந்து நின்றது. கூட்டம் கைதட்டத்தான் செய்தது. மனைவி தட்டவில்லை.

"அரைச்ச மாவையே அரைக்கிறீங்க. நானும் தண்ணி ஊத்திக்கிட்டே நிக்கிறேன்," என்றார் ஒரு நாள். "ஆபீஸ்ல பொழுதுக்கும் ஒரே பதிலத்தான் சொல்றேன். மேடைலயும் அதேதான்னா எனக்கு எதுக்கு மேடை? வர்ற கச்சேரியோட நான் நிறுத்திக்கிறேங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் கலக்கிவிட்டது. நேரே கீழே வந்து என் சோபாவில் உட்கார்ந்தார். எதன்மேலும் தாளம் போடாமல் அவர் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "கோவத்துல சொல்லியிருந்தா சமாதானம் பண்ணிடுவேன் சார். அவ யோசிச்சு சொல்றா. அவ பாடலேன்னா நான் வாசிக்கறது வெறும் ரம்பம்." எனக்கு அந்த மனிதர்மேல் ஆயிரம் புகார் உண்டு. அந்த நேரத்தில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. பாவமாக இருந்தது.

அதற்கப்புறம் அவர் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. "ரொம்ப சூடாயிடுச்சு, ஆறட்டும்" என்று வயலினை ஃபிரிட்ஜில் வைத்தார். இடது கையால் வாசித்தார். மைத்துனரின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெட்டு எழுதினார். "என்ன எழுதியிருக்கேன்னே தெரியல, அதனால நல்லாத்தான் இருக்கும்." வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டு ஆலாபனை செய்தபோது மூடி பிடரியில் விழுந்தது. மைத்துனர் ஓடிவந்து தூக்கிவிட்டார். "உள்ள எக்கோ நல்லாத்தான் மாமா வருது. ஆனா நீங்க வெளிய வந்தாத்தான் துணி போட முடியும்." நாற்காலி இழுக்கும் பழக்கமும் அப்போது தொற்றிக்கொண்டதுதான். மற்றதெல்லாம் போய்விட்டது, அது மட்டும் என் தலையெழுத்து.

கச்சேரி நெருங்கியது. அரங்கத்து மேனேஜருக்கு என் வீட்டிலிருந்துதான், ஸ்பீக்கரில் போன் போட்டார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாடுகிறவர்கள் தங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், ஆர்மோனியக் கட்டையை எண்ணி வந்த கணக்கு. ஒருவருக்கு ஒரு கட்டை, ஒருவருக்கு நாலு கட்டை. இவர் மனைவிக்கு அஞ்சரை. அரங்கத்துச் சுருதிப்பெட்டியை அந்த அளவில் வைக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மேனேஜரோ வேலைக்குப் புதிது. அதற்கு முன்பு மரக்கடையில் இருந்தவர் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"சார், மேடைல அஞ்சரைக் கட்டை ரெடியா இருக்கணும். பாடறவங்களுக்கு."

"அஞ்சரையா? ஆறா வெச்சுடட்டுமா?"

"ஆறு வெச்சா அவங்களுக்குத் தொண்டை கிழிஞ்சுடும் சார்."

எதிர்முனையில் ஏதோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "பச்சையா இருக்கலாமா, காஞ்சதா வேணுமா?" என்று கேட்டார்.

இவர் முகம் சுருங்கிவிட்டது. தன்னுடைய வறட்சி ஊர் முழுக்கத் தெரிந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். "உங்க வரைக்கும் வந்துடுச்சா சார்? ஆமா, காஞ்சுதான் போச்சு. ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷம் காஞ்சதா? கஷ்டம். தேடிப் பாக்கறேன்."

போனை வைத்துவிட்டு, "நல்ல மனுஷன் சார். நம்ம கஷ்டம் புரிஞ்சு பேசறாரு," என்றார். நானும் தலையாட்டினேன். சங்கீதக்காரர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று எனக்கு நினைப்பு.

கச்சேரியன்று வழியெல்லாம் நெரிசல். மூன்று பேரும் அரங்கத்துக்குள் ஓடி, மேடையேறி மூச்சு வாங்கவும் திரை விலகவும் சரியாக இருந்தது. நடு மேடையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஐந்து மரக்கட்டைகள் நின்றன. பட்டை உரிக்காத, இடுப்பு உயரக் கட்டைகள். ஆறாவதாக ஒன்று பாதியில் அறுபட்டு, மரத்தூள்கூடத் துடைக்காமல். பாடுகிறவர்களுக்கு என்று சொன்னதால் ஒவ்வொரு கட்டைக்கும் முன்னால் ஒரு மைக் வேறு.

பக்கத்துத் திரைமறைவிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அந்த அரைக்குத்தாங்க அலஞ்சேன். பாதியா எவனும் தர மாட்டேங்கறான். முழுசா வாங்கி நானே அறுத்தேன்."

"மீதிப் பாதி?" என்று மைத்துனர் கேட்டார்.

"வீட்ல இருக்கு. நாளைக்கே நீங்க ஆறு கேட்டா?"

பாடகி கட்டைகளைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். "இதுதான் உங்க புதுசா?" மைக்குகள் எல்லாம் உயிரோடு இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"எனக்கே புதுசா இருக்கும்மா," என்றார் இவர். அதுவும் கேட்டது.

சுருதிப்பெட்டி இல்லை. அரங்கம் நிறைந்த கூட்டம். கடைசிக் கச்சேரி என்று சொல்லிவிட்ட மனைவி. இவர் செய்வதறியாமல் குனிந்து, முதல் கட்டையை விரல்முட்டியால் தட்டினார். 'தொம்' என்றது. அடுத்தது 'தம்'. மைத்துனர் டிரம்ஸை விட்டுவிட்டுக் குச்சிகளோடு எழுந்து வந்தார். ஐந்து கட்டையும் ஐந்து குரலில் பேசின, ஆனால் எந்த ராகத்துக்கும் அடங்கவில்லை. அரைக் கட்டை இருக்கிறதே, அது 'டொக்' என்று இரண்டு சுரத்துக்கு நடுவில், யாரும் கால் வைக்காத இடத்தில் போய் விழுந்தது. இவர் வயலினில் அந்த இடத்தைத் தேடினார். வழுக்கினார். மறுபடியும் தேடினார், மறுபடியும் வழுக்கினார். தோள்குலுக்கல் மெட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தால், கட்டை அதற்கும் வழி விடவில்லை.

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல் கட்டைக்கு முன்னால் போய் நின்று, சுத்தமான ஆலாபனையில் பாடினார்: "வணக்கம்... சொல்லுங்க... உங்க பேரு?"

'தொம்' என்றது கட்டை.

"முழுப் பேரு?"

'தொம் தொம்.'

ஒவ்வொரு கட்டையாக விசாரித்துக்கொண்டே போனார். ஒன்றுக்குக் கொஞ்சலாக, ஒன்றுக்கு மிரட்டலாக, ஒன்றுக்கு ஜாஸ் பாடகியைப் போல இழுத்து. தினமும் அலுவலகத்தில் அடக்கிவைத்திருந்த பதில்கள் எல்லாம் பாட்டாக வந்தன. இவர் வயலின் பின்னாலேயே ஓடியது, இந்தத் தடவை எங்கே போகிறோம் என்று தெரியாமல். கடைசியில் அரைக் கட்டையிடம் வந்து, அந்த யாரும் தொடாத சுரத்தை ஒரே எட்டில் பிடித்து, "பாதிதான் வந்திருக்கீங்க... மீதி எங்கே?" என்று பாடினார்.

"வீட்ல இருக்குங்க," என்று திரைமறைவிலிருந்து மேனேஜர் தன்னை மறந்து குரல் கொடுத்தார்.

அரங்கம் எழுந்து நின்றுவிட்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நாற்காலிக் கையில் தாளம் போட்டார், தாளம் தப்பு, ஆனாலும் போட்டார். இரண்டாவது வரிசையில் இருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரக்கட்டையைப் பார்த்து அழுத முதல் ரசிகன் நானாகத்தான் இருப்பேன்.

முடிந்ததும் மனைவி முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் கலப்படம். அந்த அம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு, அலுவலகக் குரலில் சொன்னார்: "நிறுத்தறேன்னு சொன்னத வாபஸ் வாங்கல. நிலுவைல வெச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு அவர் கச்சேரிகளுக்கு நுழைவுச்சீட்டுக் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. கட்டைகளையும் ஊர் ஊராகக் கூட்டிப்போகிறார். போதாதென்று ஒவ்வோர் அரங்கத்துக்கும் வேண்டுமென்றே குழப்பமாகப் போன் செய்கிறார். "ஆறு உருப்படி இருக்கும்" என்றால் இவர் சொல்வது ஆறு பாட்டை. ஓர் இடத்தில் அதைச் சலவைக் கணக்காக எடுத்துக்கொண்டு ஆறு சட்டையைத் தேய்த்து மடித்து வைத்திருந்தார்கள். அதையே போட்டுக்கொண்டு இவர்கள் வாசித்தார்கள். "நாலு சங்கதி போடணும்" என்று, ஒரே வரியை நாலு விதமாக மாற்றிப் பாடுவதைச் சொன்னதற்கு இன்னோர் அரங்கத்துக் காவலாளி மேடையேறி, அந்தத் தெருவில் நடந்த நாலு சங்கதியை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். நாலாவது சங்கதிக்குச் சொந்தக்காரர் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவரும் எழுந்து தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல, வயலின் இரண்டு பேருக்கும் சமமாக வாசித்தது. ஆனால் இப்போதெல்லாம் விஷயம் தெரிந்து அவர்களாகவே தப்புச் செய்கிறார்கள். அதில் இவருக்கு வருத்தம். "நடிக்கறாங்க சார். மனசாரத் தப்பு பண்ற ஆள் கெடைக்க மாட்டேங்கறான்."

போன வாரக் கச்சேரிக்குப் போயிருந்தேன். உள்ளே நுழையும்போதே, "கட்டை, கட்டை" என்று கூட்டம் கத்தியது. இவருக்கு முகமெல்லாம் பல். வில்லை நீட்டிக்கொண்டு கட்டைகளை நோக்கி நடந்தார். மைத்துனர் குச்சியை ஓங்கினார். முதல் 'தொம்' விழுவதற்கு முன்பே கூட்டத்தில் பாதி, "உங்க பேரு?" என்று பாட ஆரம்பித்துவிட்டது. பாடகியின் முகத்தில், ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வரும் அந்த அலுவலகத்துக் களைப்பு தெரிந்தது. இவரும் பார்த்துவிட்டார். எடுத்த வில் பாதியில் நின்றது.

"என்ன மாமா வாசிக்கப் போறீங்க?" என்றார் மைத்துனர், ஓங்கிய கையை இறக்காமல்.

"தெரியலடா."

அவர் மனைவி நடந்து வந்தார். அரைக் கட்டையை இரண்டு கையாலும் நகர்த்தி, வயலினுக்கு எதிரே போட்டு, இனி யாரும் அதைத் தட்ட முடியாதபடி அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டு, மைக்கைத் தன் வாய்க்கு முன்னாலிருந்து எடுத்து, 'புதுசா ஏதாவது சொல்லுங்க' என்பதைப் போலப் புருஷன் பக்கம் நீட்டினார்.