உப்புத் தண்ணீரில் மூன்று நாள்

மனுஷ உடம்புக்குள் அடித்த ஆணி துருப்பிடிக்குமா, பிடிக்காதா? யோசிக்காமல் சட்டென்று சொல்லுங்கள். பிடிக்காது என்று சொன்னால் நீங்கள் ராயபுரத்துக்காரர் இல்லை. எங்கள் பக்கத்தில் ஜன்னல் கம்பி, கதவுத் தாழ்ப்பாள், பள்ளிக்கூட மணி எல்லாமே கடல்காற்றில் பொரிந்து உதிரும். பெரியப்பாவுக்குப் பிழைப்பே அதுதான். துறைமுகத்தில் கப்பலின் பக்கவாட்டில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு சுத்தியலால் துரு தட்டுவார். வேலை முடிந்து வரும்போது புருவம்கூடச் செம்பட்டையாக இருக்கும்.

அப்பாவும் அம்மாவும் எண்ணூரில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் பக்கம் என்று என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். எனக்கு எட்டு வயது இருக்கும்போது பெரியம்மா குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் சரியான அடி. குடம் நசுங்காமல் தப்பியதைத் தன்னைத் தூக்கி வந்தவர்களிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதலில் முட்டையும் உளுந்தும் குழைத்துக் கட்டு போட்டார்கள். ஒரு வாரம் ஆகியும் எழுந்திருக்க முடியவில்லை. வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர். தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்து ஒடிந்திருக்கிறது, வெளியே எத்தனை கட்டு போட்டாலும் அந்த இடத்தைப் பிடிக்காது, உள்ளே ஆணி அடித்துத்தான் சேர்க்க வேண்டும் என்றார். எலும்பு மேலே ஏறிவிடாமல் இருக்க, காலில் கயிறு கட்டிக் கட்டிலுக்கு வெளியே எடை ஒன்றைத் தொங்கவிட்டார்கள்.

பெரியப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"கப்பல் தகடே உப்புல பொரிஞ்சி பூடுது டாக்டரு. ஒடம்புலயும் உப்புதான கீது? இத்தினியூண்டு ஆணி எத்தினி நாளு நிக்கும்?"

இது வேற எஃகு என்றார் டாக்டர். அப்படிச் சொன்ன கப்பல்காரர்களை நிறையப் பார்த்தவர் பெரியப்பா. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார். டாக்டர் மேஜையைத் திறந்து, தலை நசுங்கி வீணாய்ப்போன அதே மாதிரி ஆணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "சோதிச்சுப் பாருங்க. ஆனா மூணு நாள்தான். படுத்தே கிடந்தா முதுகு புண்ணாகும், நெஞ்சுல சளி கட்டும். அப்புறம் அவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க."

பெரியம்மா படுக்கையிலிருந்தே கேட்டாள். "அடிக்கப்போறது என் இடுப்புல. ஒனக்கு இன்னாயா பேஜாரு?"

வீட்டில் ஒரு பீங்கான் குவளை நிறையக் கடல் தண்ணீர். அதில் அந்த ஆணி. பக்கத்திலேயே, சாட்சிக்கு, கடையில் வாங்கிய இரும்பு ஆணி. மறுநாளே இரும்பு ஆணி ஆரஞ்சு நிறமாகிவிட்டது. டாக்டர் சொன்ன கடைசி வாக்கியம் காதிலேயே இருந்தது. பெரியப்பா வேலைக்குப் போனதும் நல்ல ஆணியை எடுத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவித் திரும்பப் போட்டுவைத்தேன். மூன்று நாளும்.

நாலாம் நாள் காலை பெரியப்பா குவளையை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இரும்பு ஆணி பாதி தின்னப்பட்ட மாதிரி இருந்தது. மற்றது பளபளத்தது. விரலைத் தண்ணீரில் விட்டு எடுத்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு அந்த விரலை என் உச்சந்தலையில் நன்றாகத் துடைத்தார்.

"ஆணி கெட்டிதான். கெளம்பு, கையெழுத்து போட்டுட்டு வந்துடலாம்."

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் நடந்தது. பிறகு, புண் வராமல் இருக்கப் புரட்டிவிட வேண்டும், முதுகுக்குப் பவுடர் போட வேண்டும், மூன்று மாதம் காலை ஊன்றவே கூடாது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். பெரியப்பா புரட்டும்போது, சரக்கை இறக்குகிறவர்கள் சொல்வதுபோல "ஆரியா, ஆரியா" என்பார். "நான் இன்னா அரிசி மூட்டையா?" என்பாள் பெரியம்மா. சிரித்தால் இடுப்பு வலிக்கும், ஆனாலும் சிரிப்பாள். மூன்று மாதம் கழித்துக் கட்டை ஊன்றி நடந்தாள். அப்புறம் கட்டையையும் கடாசினாள்.

நான்தான் பல வருஷம் செத்துப் பிழைத்தேன். மழை நாளில் அவள் இடுப்பைத் தேய்த்தால், என் எண்ணெய் தீர்ந்து உள்ளே துரு ஏறுகிறது என்று நடுங்குவேன். இப்போது கல்லூரியில் ரசாயனம் படிக்கிறேன். அந்த ஆணி எவர்சில்வர் ஜாதி, எண்ணெயே தேவையில்லை என்று தெரிகிறது. டாக்டர் சொன்னது நிஜம்.

ஆனால் எட்டு வயதில் எனக்குப் புரியாதது ரசாயனம் இல்லை. தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். தினமும் துறைமுகத் தண்ணீரைப் பார்க்கிற மனுஷன் அவர். பக்கத்திலேயே வேட்டி இருக்க, அந்த எண்ணெய் விரலை என் தலையில் ஏன் துடைத்தார்?

இப்போது மணி ஆறு. பெரியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போயிருக்கிறாள்.