நெற்றியில் எண்ணெய்

எங்கள் மாமி எதையும் பாதி வேகவைத்துத்தான் சொல்வார். மீதியை நாங்கள் பயந்து பயந்து வேகவைத்துக்கொள்வோம். மாம்புரிக் கத்தோலிக்கக் கோயிலில் எனக்கு உறுதிப்பூசுதல் சடங்கு என்று தீர்மானமானதும், என் பக்கத்தில் ஞானத்தாயாக நிற்கப்போகிறவர் என்ற உரிமையில், அதை நடத்த வரும் ஆயர், அதாவது பிஷப், யாரென்று அவரே விளக்கமும் தந்தார்.

“ஆயர் என்டா இடையன். நாங்க அவர்ட ஆடுகள். உன்ட நெத்தியில எண்ணெயால அடையாளம் போடுவார்.”

அடையாளம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் ஆடுகள் நின்றன. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது கற்பிட்டியிலிருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடும் ஆட்டு வியாபாரி வருவார். தங்கமான மனிதர். ஆட்டைத் தடவி, செல்லமாகக் கதைத்து, பிடித்ததன் நெற்றியில் சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போவார். அடுத்த நாள் லொறி வரும். சாயம் பூசிய ஆடு ஒன்றாவது திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

“அடையாளம் போட்டு எங்க கொண்டுபோவார், மாமி?”

மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை. “மோட்சத்துக்குத்தான், வேற எங்க?”

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாளும் வந்தது. ஆயர் சிரித்த முகத்தோடு வாகனத்தை விட்டு இறங்கினார். நானாவும் அப்படித்தான் சிரிப்பார். ஆயரின் கையில் முனை வளைந்த கோல் ஒன்று இருந்தது. கழுத்தில் மாட்டி இழுக்க அளவான வளைவு. பிள்ளைகளை வரிசையாக விடும்போது நான் மெல்ல நழுவி, கோயிலுக்குப் பின்னால் இருந்த வெங்காயத் தோட்டத்துக்கு ஓடி, கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் ஒளிந்துகொண்டேன்.

பாட்டு நின்றது. ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மூலையில் இன்னும் ஒடுங்கிக்கொண்டேன். பிறகு அம்மாவின் குரல் கேட்டது. செருப்பில்லாமல், புதுச் சேலை மண்ணில் இழுபட ஓடிவந்தவர், கொட்டிலைப் பார்க்காமல் நேரே சுற்றுக்கட்டு இல்லாத தோட்டக் கிணற்றடிக்குப் போனார். விளிம்பில் முழந்தாளிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, என் பெயரைத் தண்ணீருக்குள் சொன்னார்.

எனக்கு அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. “அம்மா,” என்றேன்.

திரும்பினார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அடுத்த கணமே மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிப்பிடித்தார். “எங்கடி போனாய்... நான் கிணத்துக்குள்ள...” என்றவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

அடி வாங்கிய ஆத்திரத்தோடு வரிசைக்குத் திரும்பினேன். ஆயரோ, காணாமல்போன ஆட்டை மேய்ப்பன் தேடிப்போய், கண்டுபிடித்து, சந்தோஷமாகத் தோளில் சுமந்து வந்ததைப் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். அந்த மேய்ப்பன் ஆட்டுக்கு அடித்ததாக அவர் சொல்லவில்லை.

மாமி நிற்க வேண்டிய இடத்தில் அம்மா நின்றார். என் கையை விட மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய கை குளிர்ந்து, நடுங்கிக்கொண்டேயிருந்தது. பாவம், அம்மாவுக்கும் எண்ணெய்க்குப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் முறை வந்தபோது அவர் காதருகே மெல்லச் சொன்னேன்:

“பயப்படாதீங்க அம்மா. உங்களுக்குப் போடமாட்டார்.”