பாத்தாலே தெரியுதே

2008. விருதுநகர் பஜாரில் ஒரு பருப்புக் கடை மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அமெரிக்க வக்கீல்கள் அனுப்பும் காப்புரிமைக் கோரிக்கைகளைப் படித்து, அதிலுள்ள கண்டுபிடிப்பு நிஜமாகவே புதுசா, இல்லை துறை தெரிந்த எவருக்கும் தானாகத் தோன்றக்கூடியதுதானா என்று அறிக்கை எழுதுவது இசைவாணியின் வேலை. விஸ்வநத்தத்துப் பட்டாசுத் தொழிலாளி வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் படித்து வந்தவள்.

அன்று வந்தது தொடுதிரை பற்றிய கோரிக்கை. ஒரு படத்தை விரலால் இழுத்துப் போகும்போது, விரலை எடுத்தால் என்ன ஆகும் என்பதை எடுக்கும் முன்பே திரை மங்கலாகக் காட்டிவிடும். அது செல்லாது என்று ஆக வேண்டும், அறிக்கை கேட்ட கட்சிக்காரருக்கு. தேடியதில் பழைய காப்புரிமைகள் இரண்டு கிடைத்தன. ஒன்றில் இழுப்பது இருந்தது. மற்றதில், அச்சிடும் முன் தாளின் மாதிரியைக் காட்டுவது.

"ரெண்டையும் சேத்தா இதுதானே வருது? பாத்தாலே தெரியுதே. எழுதிருங்க," என்றார் முதலாளி சரவணக்குமார்.

அதே வார்த்தையை அவள் முன்பே கேட்டிருந்தாள். அண்ணன் பாண்டிராஜைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த அன்று ஊரே அதைத்தான் சொன்னது. பட்டாசு ஆலையில், அறை வாசலிலேயே அம்புட்டு வெடிமருந்தைக் காயப் போட்டால் வெடிக்கும் என்று பார்த்தாலே தெரியாதா? அன்று காலை அவனிடம் தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு, அந்த மருந்தைத் தாண்டித்தான் அவள் கல்லூரி பஸ்ஸைப் பிடித்தாள். பார்த்தாள். ஒன்றுமே தோன்றவில்லை. அதிலிருந்து, தனியாக உட்கார்ந்தால் அவன் பின்னால் வந்து நிற்பான். திரும்பினால் கந்தக நெடி மட்டும் இருக்கும்.

இப்போதும் வந்து நின்றான்.

அவள் கோரிக்கையை மூடிவைத்தாள். அதைப் படிக்காதவள்போல, பழைய இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தாள். இழுப்பதை எழுதியவர் முன்கூட்டிக் காட்டுவதை நினைக்கவேயில்லை. மாதிரி காட்டியவரோ, பயன்படுத்துகிறவர் கேட்டால்தான் காட்டினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் ஒரு வரிகூட இல்லை. விடையைப் பார்த்துவிட்டு வருகிறவருக்குத்தான் அந்த வழி தெரிந்தது. 'தானாகத் தோன்றக்கூடியதல்ல' என்று எழுதினாள்.

சரவணக்குமாருக்கு முகம் சுண்டிப்போனது. "கட்சிக்காரன் வேற ஆளப் பாத்துப் போயிருவான்."

"போகட்டும் சார். இல்லாதத என்னால எழுத முடியாது."

அறிக்கை போனது. கட்சிக்காரரும் போனார்.

ஒரு சாயங்காலம் வீட்டில் அம்மா வள்ளித்தாய் பட்டாசுக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். எப்போதும்போல ஆரம்பித்தாள். "அன்னைக்குப் போகாதலேன்னு தடுத்திருக்கணும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல."

"அன்னைக்கு நமக்குத் தெரியாதும்மா," என்றாள் இசைவாணி. "இன்னைக்கு இருந்துகிட்டுப் பாக்கிறதாலதான் தெரியுது."

அம்மாவின் கை நின்றது.

"அப்பொறம் ஏன்டி இன்னும் வந்து நிக்கான்?"

தன் பின்னால் மட்டும்தான் அவன் வந்து நிற்கிறான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள் இசைவாணி. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள்.