பாட்டில் ராக்கெட்டும் மருந்தடிக்கும் பம்பும்

என் மகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தன் தண்ணீர் ராக்கெட் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைத் தாண்டும் என்று ஒன்பதாம் வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்திருந்தாள். விடிந்தால் திங்கட்கிழமை, பறக்கவிட்டுக் காட்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் வருஷம் முழுக்கக் கேலிதான்.

குரும்பலூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் ஒத்திகை நடந்தது. கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ரப்பர் கார்க்கால் அடைத்து, செங்கல்களுக்கு நடுவே தலைகீழாக நிறுத்தினோம். கார்க்கில் செருகிய ஊசி வழியாக சைக்கிள் பம்பால் காற்றடித்தால், அழுத்தம் ஏறி கார்க் பிடுங்கிக்கொள்ளும், பாட்டில் பறக்கும். எவ்வளவு தண்ணீர் என்பதில்தான் வினை வந்தது.

"கழுத்து வரைக்கும் ஊத்து. கம்மியா ஊத்துனா வேகம் எங்கேருந்து வரும்?" என்றார் என் கணவர்.

வெங்காயத்துக்கு மருந்தடிக்கிறவர் அவர். காற்றடித்துத் தெளிக்கும் கைப்பம்பின் டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பித்தான் தோளில் மாட்டுவார். அழுத்தம் குறையக் குறைய வயல் நெடுக நின்று நின்று பம்பு அடிப்பார். ராத்திரி தோளுக்குத் தைலம் தேய்ப்பது என் வேலை. அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது.

பாட்டில் முழங்கால் உயரம் எம்பி, எங்கள் மூவரையும் குளிப்பாட்டிவிட்டு விழுந்தது. மறுபடியும் நிரப்பினோம். மறுபடியும் குளியல். மகளுக்கு அழுகை முட்டியது, எனக்கோ கோபம். அவர் கையிலிருந்து பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கினேன். பாதிக்கு மேல் கொட்டிப்போனது.

"இருக்கறத வச்சு அடி!" என்றேன் எரிச்சலில்.

மகள் அடித்தாள். பாட்டில் சீறிக்கொண்டு கிளம்பி, கொல்லைத் தென்னையைத் தாண்டிப் பக்கத்து மக்காச்சோளக் காட்டில் விழுந்தது.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. குறைத்தால் ஏன் பறக்கிறது? தண்ணீரே இல்லாமலும் அடித்துப் பார்த்தோம். சோம்பலாக ஒரு துள்ளு துள்ளியதோடு சரி.

"தண்ணியத் தள்றது காத்துதாம்மா. நாம அதுக்கு எடமே வைக்கல" என்றாள் மகள்.

அவள் அப்பா பட்டறைச் சுவரில் தொங்கிய கைப்பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கள் மாலை தெருமுனையிலிருந்தே, "தாண்டிடுச்சும்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வயலிலிருந்து வந்ததும் சொன்னேன். சிரித்துக்கொண்டே கைப்பம்பை இறக்கி வைத்தார்.

"டேங்க்ல காத்துக்குக் கொஞ்சம் எடம் உட்டுத்தான் இன்னைக்கு ஊத்துனேன், நின்னு நின்னு பம்பு அடிக்க வேண்டியதில்ல" என்றார். "தைலம் வேணாம்."