மாமி துப்பரவாக்கிய வீடு

நெல்லுச் சாக்கை உதறினால் எழும்புகிற தூசி மூக்கில் ஏறி அரை நாள் தும்மவைக்கும். கழுத்தில் பட்டால் "சுணைக்கும்", சொறிந்து மாளாது. எங்கள் வட்டக்கச்சி வீட்டின் உள்ளறைக்குள் கால் வைத்தால் முதலில் வந்து முகத்தில் அடிப்பது அந்த வாசம்தான். வீடு என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்கு. குடாநாட்டிலிருந்து காணி கிடைத்து வந்த ஐயாவும் அம்மாவும் காட்டை வெட்டி, நான்கு பக்கமும் மண்சுவர் எழுப்பி, மேலே கிடுகு வேய்ந்த இரண்டு அறைகளும் சமைக்க ஒரு குசினியும், அவ்வளவே.

அந்த இரண்டு அறைக்குள் அம்மா சேர்த்து வைத்திருந்த சாமான்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஓட்டை மண்ணெண்ணெய்த் தகரங்கள், கயிற்றுத் துண்டுகள், பழைய சைக்கிள் ரியூப், வாய் உடைந்த பானை, கிழிந்த சாக்குகள். ஐயா "இது வீடோ, சந்தையோ?" என்று கேட்கும்போதெல்லாம் அம்மா "கிடக்கட்டும், உதவும்" என்பார். உதவவும் செய்தன. வயலுக்குள் பன்றி இறங்கினால் தட்டிக் கலைக்கத் தகரம் வேண்டும், வேலி கட்ட ரியூப் வேண்டும். ஆனால் உள்ளறை மூலையில் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்த கிழிசல் சாக்குகள் மட்டும் எதற்கும் உதவியதில்லை. அவை ஏன் அங்கே கிடக்கின்றன என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தச் சாக்குகளுக்குப் பின்னால், சுவரில், என் தம்பியின் கை இருந்தது. வீடு கட்டிய வருடம் அவனுக்கு இரண்டு வயது. அம்மா சுவருக்குக் களிமண் பூசிக்கொண்டிருக்க, தத்தித் தத்தி வந்து ஈரத்தில் வலது கையை அமுக்கிவிட்டுச் சிரித்தானாம். அம்மாவும் சிரித்துவிட்டு அதை அப்படியே காயவிட்டார். அடுத்த மாரியில் குலைப்பன் காய்ச்சல் வந்து அவனைக் கொண்டுபோய்விட்டது. படம் பிடிக்க அந்தக் காட்டுக்குள் யார் இருந்தார்கள்? அவன் இருந்ததற்கு அந்தக் கை ஒன்றுதான் அடையாளம். ஐயாவோ, "செத்த பிள்ளையின்ர கையைச் சுவரில வைச்சுக்கொண்டிருக்கப்படாது, மெழுகிவிடு" என்று சொல்லிவிட்டார். "மெழுகிப்போட்டன்" என்று அம்மா பொய் சொன்னார். சாக்குகளை அடுக்கினார். ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு முழுக்க மெழுகுவார். அந்தச் சுளகளவு இடத்தை மட்டும் விட்டுவிடுவார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, பிள்ளை" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா மறுபடி பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆண்பிள்ளை. அம்மாவுக்கு உடம்பு இயலாமல் போனதால் இரண்டு கிழமை அங்கேயே மறித்துவிட்டார்கள். எங்களுக்குச் சமைத்துப் போட ஐயாவின் தமக்கை, என் மாமி, பனங்கட்டிக் குட்டானும் கையுமாகக் குடாநாட்டிலிருந்து வந்து இறங்கினார். நல்ல மனுசி. பொல்லாத துப்பரவுக்காரி. வந்ததும் வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தார்.

"ஐயோ தம்பி, இதென்ன கோலம்? குப்பைக்குள்ளயே குடித்தனம் நடத்துறியள்? பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் ஐயர் வருவார், சனம் வரும். துடக்குக் கழிக்கிற வீடு இப்பிடியே கிடக்கிறது?"

அடுத்த நாள் விடிய மாமி சேலையை இடுப்பில் வரிந்து கட்டினார். தகரங்கள் குப்பைக் கிடங்குக்குப் போயின; ரியூப் எரிந்து ஊரெல்லாம் நாறியது. அக்காவுக்கு முன்னால் ஐயா எப்போதும் சின்னப்பிள்ளைதான். எனக்கும் முதலில் கொண்டாட்டமாகவே இருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். பானை எறிய ஆசைப்படாத பிள்ளை உண்டா? மாமி உள்ளறை மூலைக்குப் போய் முதல் சாக்கை இழுத்தபோதுதான் எனக்குத் தம்பியின் கை நினைவுக்கு வந்தது.

சாக்குகள் வெளியே போயின. சுவரைப் பார்த்த மாமி, "பாத்தியே கொம்மாவின்ர வேலையை! இவ்வளவு இடத்தையும் மெழுகாமல் விட்டிருக்கிறா" என்றார். மாமிக்குப் பார்வை மட்டு. அந்த இருட்டு மூலையில் அவர் கண்டது வெறும் சொரசொரப்பைத்தான். "எனக்கு நாரி நோகுது, குனியேலாது. மேல்பக்கத்தை நான் பாக்கிறன், கீழ்ப்பக்கத்தை நீ மெழுகு."

என்ன செய்வேன்? சொன்னால் அம்மாவின் பொய் ஐயாவுக்குத் தெரியவரும். சொல்லாவிட்டால் கை போய்விடும். ஒன்பது வயது மூளைக்கு எட்டியது ஒன்றுதான்.

"மாமி, இதை விடுவமே? அதுக்குள்ள பூரான் இருக்கு."

"பூரானோ? அப்ப இன்னும் தடிப்பாப் பூசு, பிள்ளை. பச்சைப்பிள்ளையைக் கிடத்தப்போற இடம்."

பூசினேன். மாமி பக்கத்திலேயே நின்றார். முதலில் சுண்டுவிரல் மறைந்தது, பிறகு மற்ற விரல்கள், பிறகு உள்ளங்கை. என் கைக்குக் கீழே அந்தக் குழிகள் நிரம்புவது தெரிந்தது. அழுதால் ஏன் என்று கேட்பார்களே என்று அழவும் இல்லை.

அம்மா பிள்ளையோடு வந்து இறங்கியபோது வீடு கண்ணாடிபோல இருந்தது. "அக்கா தனியாளாய் நிண்டு செய்தவா" என்று ஐயா பெருமையாகச் சொன்னார். "உள்ளறை மூலையை இந்தப் பிள்ளையெல்லோ மெழுகினது" என்று மாமி என்னைக் காட்டினார். அம்மா உள்ளறைக்குள் போனார். கனநேரம் கழித்து வெளியே வந்து, "ஓம் மச்சாள், வடிவாத்தான் இருக்கு" என்றார். என்னை ஒரு தடவை பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாமி கிணற்றடிக்குப் போகிற நேரங்களில் அம்மா விரலை நனைத்து அந்தச் சுவரைத் தேய்ப்பதை இரண்டு மூன்று தடவை கண்டேன். ஒரு நாள் சிரட்டையால் மெல்லச் சுரண்டினார். புது மண்ணும் பழைய மண்ணும் ஒன்றாகிப்போயிருந்தன. இரண்டும் சேர்ந்தே உதிர்ந்தன. வரிச்சுத் தடி தெரிகிற அளவுக்குச் சுவரில் ஓட்டைதான் விழுந்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "விடு பிள்ளை, அது போயிட்டுது" என்றார். அந்த ஓட்டையை அவரே மெழுகி மூடினார். அதன் பிறகு அம்மா வீட்டில் எதையும் சேர்த்து வைக்கவில்லை. உடைந்ததை அன்றைக்கே எறிந்தார். வட்டக்கச்சியில் துப்பரவான வீடு எது என்று கேட்டால் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மண்வீட்டை இடித்துக் கல்வீடு கட்டினோம். சண்டைக்காலத்தில் கல்வீடும் போனது. போன வருடம் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் இப்போது யாரோ மிளகாய்க் கன்று நட்டிருக்கிறார்கள். மாமி இல்லை, ஐயா இல்லை, அம்மாவும் இல்லை. அன்று பிறந்த தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதை அவன் கேள்விப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

அம்மா கடைசிக் காலத்தில் வவுனியாவில் என்னோடு இருந்தார். ஒரு பகல் இரண்டு பேரும் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தோம். அத்தனை வருடமும் கேட்காததை அன்று கேட்டார்.

"அண்டைக்கு நீ மெழுகேக்க, தம்பியின்ர கை தெரிஞ்சதோ பிள்ளை?"

"இல்லையம்மா. அது முந்தியே அழிஞ்சு போச்சுது" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஓ... நான் ஆஸ்பத்திரிக்குப் போன அண்டு விடியவும் தொட்டுப் பாத்திட்டுத்தான் போனனான்" என்றார்.

சொல்லிவிட்டு இலையை உருவினார். நானும் உருவினேன். வேறென்ன செய்ய?