ஜெயபாலன் அண்ணன் முடிக்காத காணிக்கைப் பாட்டு

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அப்படிப்பட்டவனிடம் போய், மலேசியாவில் இந்தக் கோத்தா திங்கியில் எங்கள் சபையின் காணிக்கைப் பையைக் கொடுத்திருக்கிறார்கள். பை எல்லா வரிசையும் சுற்றி வந்த பிறகு, பியானோ நிற்கும்வரை நான் வாசலருகே காத்திருக்க வேண்டும். அது நின்றால்தான் சபை எழும், பை முன்னே போகும், போதகர் ஜெபம் பண்ணுவார். ஆக, எங்கள் எல்லாருடைய குடுமியும் பியானோ வாசிக்கும் ஜெயபாலன் அண்ணன் கையில்.

அண்ணனுக்கு ஐம்பத்தொன்பது வயது. செம்பனை ஆலையில் ஸ்டோர் கீப்பர். மனைவி இறந்து பதினோரு வருஷம். ஒரே மகள் தேன்மொழி சிங்கப்பூரில் தாதி. மத்தியானம் சமைத்ததையே ராத்திரியும் சாப்பிட்டுக்கொண்டு தனியாக இருந்தார். அவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை. நானும் போனதில்லை, பொய் சொல்வானேன்.

வெள்ளத்துக்குப் பயந்து செங்கல் மேல் ஏற்றிய பியானோ எங்களுடையது. அதில் அவர் ஒற்றைத் தாள்தான் வைத்துக்கொள்வார். லீட் ஷீட் என்பார். மெட்டு மட்டும் ஒரு வரியாக ஓடும், அதன் மேல் ஜி, சி, டி என்று, எந்தச் சுரங்களைச் சேர்த்து அழுத்துவது என்று சொல்லும் கார்டு எழுத்துகள். காயை மட்டும் கொடுத்தால் போதும், குழம்பு அவர் பொறுப்பு. எங்கள் சபையோ மூன்றாம் வரியின் கடைசிச் சொல்லை இழு இழு என்று இழுக்கும். தாளில் இரண்டு தட்டு என்றால் எங்கள் வாயில் ஐந்து. மற்றவர்களாக இருந்தால் திட்டுவார்கள். இவர் அந்த இழுவைக்குள் மூன்று கார்டுகளை நுழைத்து அதையும் அழகாக்கிவிடுவார்.

தேன்மொழிக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை விமானம். முந்தின நாள் ஆராதனைக்குக் கண்டிப்பாக வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் அம்மாவுக்குப் பிடித்த பழைய ஞானப்பாட்டு ஒன்றைக் காணிக்கை நேரத்துக்கு எடுத்துக்கொண்டு, அண்ணன் வாரம் முழுக்க அதே பேச்சாகத் திரிந்தார். என்னிடம் மட்டும் மூன்று தடவை சொன்னார்.

"அவ சிங்கப்பூர் போன பெறகுதான்பா நான் தனியா வாசிக்க ஆரம்பிச்சேன். மக இதுவரைக்கும் கேட்டதே இல்ல. ஒரு தடவ கேட்டுட்டுப் போகட்டும்."

ஞாயிறு வந்தது. முதல் சரணத்தை ஒரு சோடனையும் இல்லாமல் வாசித்தார். இரண்டாவதில் மெட்டை இடது கைக்கு இறக்கிவிட்டு, வலது கையால் மேலே மெதுவாகச் சுரங்களைத் தூவினார். மூன்றாவதில் ஜி என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் ஈ மைனர் போட்டார். அதே மெட்டு சோகமாகிவிட்டது. பாட ஆளில்லாத வெறும் பியானோ வாசிப்பிலும், இழுவை வரும் இடத்தில் எங்களுக்காக அந்த ஐந்து தட்டு நின்றார்.

நான்காவதை முடித்தார். சபை எழுந்தது. மறுபடி முதலிலிருந்து, வேறு விதமாக, ஆரம்பித்தார். சபை உட்கார்ந்தது. நாலு சரணமும் ஆயிற்று. எழுந்தோம். மறுபடி ஆரம்பித்தார்.

"என்னா சுகுமாரா, முடிய மாட்டேங்குது? முட்டி வலிக்குதுலா," என்றார் பக்கத்தில் இருந்த ராசம்மா அக்கா.

போதகர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எனக்கும் புரிந்தது, மகள் வரும்வரை மனுஷன் நிறுத்தப்போவதில்லை. சிங்கப்பூர் எல்லைப் பாலத்தில் நெரிசல் என்றால் மத்தியானம் ஆகும். அதுவரை எழுந்து எழுந்து உட்கார நாங்கள் என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளா? பையோடு விறுவிறுவென்று பியானோவிடம் போனேன்.

"அண்ணே, தேனு வர நேரமாகும் போல. முடிச்சிருங்க."

அவர் கையை எடுக்கவில்லை. தாளுக்குப் பக்கத்தில் கிடந்த கைப்பேசியை மோவாயால் காட்டினார். திரையில் மகளின் செய்தி இருந்தது.

'அப்பா, பாலத்துல மூணு மணி நேரம் நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். சாமான் இன்னும் கட்டல. சோரிப்பா.'

எட்டு மணிக்கு வந்திருக்கிறது. ஆராதனை தொடங்கியதே ஒன்பதுக்கு.

"வரலன்னு தெரிஞ்சும் ஏண்ணே வாசிச்சுக்கிட்டே இருக்கீங்க?"

"நிப்பாட்டுனா வீட்டுக்குப் போவணும்லப்பா," என்றார்.

பதினோரு வருஷத்தில் ஒரு ஞாயிறாவது "வாங்கண்ணே, நம்ம வீட்டுல சாப்பிடலாம்" என்று கூப்பிட்டிருப்பேனா? வெட்கமாக இருந்தது. போதகரிடம் போனேன்.

"என்னாவாம்?"

"இன்னும் ஒரு சரணம் இருக்காம், பாஸ்டர்."

அந்தப் பாட்டுக்கு மொத்தமே நாலு சரணம்தான். அது அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, போதகர் நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.