இரண்டு நீலச் சட்டிகள்

டாஞ்சியர் துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் சந்தில் அப்சலாமின் ரொட்டி அடுப்பு இருந்தது. தாய்மாமன் கட்டியது, மாமனுக்குப் பிள்ளை இல்லை, மருமகனுக்கு வந்தது. அந்தக் காலத்தில் நகரத்தை ஏழெட்டு நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஆண்டார்கள். தபால் ஆபீஸ்கூட நாட்டுக்கு ஒன்று. சந்துக்கு மட்டும் அடுப்பு ஒன்றுதான்.

சனிக்கிழமை யூதர் வீட்டில் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளி பொழுது சாயுமுன் கறியும் கொண்டைக்கடலையும் முட்டையும் போட்டு, மூடியை மாவால் ஒட்டிச் சட்டிகளை அனுப்புவார்கள். அப்சலாம் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, அடுப்பு வாயை மண் பூசி அடைத்துவிடுவார். விடிந்துதான் திறப்பார்.

அப்படி ஒரு வெள்ளி. அடைத்துவிட்டுக் கை கழுவும்போது ஸ்பானியக்காரி ரெமெதியோஸ் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, என் சட்டியும் உள்ள போயிருச்சுல்ல? நாளைக்கு எங்க வீட்டுக்காரரு கப்பல்லருந்து வர்றாரு. பன்றித் தொடை, நல்லா வேகட்டும்."

அப்சலாம் ஈரக் கையோடு அடுப்பு வாய்க்குத் திரும்பினார். நீலச் சட்டி இரண்டு வந்தது நினைவிருந்தது. ஒரே கடைச் சட்டி, ஒரே மாவு ஒட்டு, அடையாளம் கிடையாது. மற்றது யூதர் வீட்டு மெஸோதி அம்மாளுடையது; அவர்களுக்குப் பன்றி ஆகாது. நாளைக்கு அவள் வீட்டுக்கு மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருகிறார்கள். திறந்து பார்க்கவும் வழியில்லை. பிறத்தியார் மாவைப் பெயர்த்த சட்டியையும், பன்றியோ என்ற சந்தேகமுள்ள சட்டியையும் மெஸோதி தொடமாட்டாள்.

"எதையாவது ஒன்னக் குடுத்துட்டு வாய மூடிக்கிட்டு இருங்க," என்றாள் மனைவி ஸொஹ்ரா. "பாதிக்குப் பாதி சரியாத்தான் இருக்கும்."

"மத்த பாதி அவங்க வயித்துக்குள்ள போவுமேடி!"

விடிந்ததும் வெறுங்கையோடு மெஸோதி வாசலில் போய் நின்று சொல்லிவிட்டார். மெஸோதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப் பாவி அண்ணே! சம்பந்தி படியேறுற நேரத்துலயா? என் பொண்ணு கல்யாணம் உன் அடுப்புல வெந்துபோச்சே!"

பிறகு அவளே மூக்கைச் சிந்திவிட்டு, "அண்டா இருக்கு, எடு. அக்கம்பக்கத்து யூத வீடெல்லாம் ஏறி எறங்கு. வீட்டுக்கு ரெண்டு அகப்பை கேளு," என்றாள்.

அப்சலாம் வாசல் வாசலாக நின்றார். வசவும் வாங்கினார், கறியும் வாங்கினார். மாப்பிள்ளையின் தாய் மூன்றாம் முறை கேட்டு வாங்கித் தின்று, "ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு ருசியா இருக்கே! பொண்ணுக்கும் இந்தக் கைப்பக்குவம் வருமா?" என்றாளாம். சம்பந்தம் முடிந்தது.

இரண்டு நீலச் சட்டியும் ரெமெதியோஸ் வீட்டுக்குப் போயின. சாயங்காலம் அவள் சண்டைக்கு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு மெஸோதி சட்டியத்தான் வழிச்சு நக்குனாரு. என் தொடை அப்படியே கெடக்கு!"

சொல்லி முடிக்கும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது; போய், மெஸோதிக்குப் புது நீலச் சட்டி வாங்கிக் கொடுத்தாள். இனி மாறாதிருக்கத் தன் சட்டிப் பிடியில் சிவப்பு நூல் கட்டினாள்.

வருஷங்கள் போய், வெளிநாட்டுக் கொடிகள் இறங்கின. ரெமெதியோஸ் மலாகாவுக்குக் கப்பலேறினாள். மெஸோதி மகளோடு கனடா போகும்போது தன் நீலச் சட்டியை ஸொஹ்ராவிடம் விட்டுப் போனாள்.

இப்போது வெள்ளிக்கிழமை அடுப்புக்கு வருவது ஸொஹ்ரா கொண்டுவரும் அந்த ஒரு சட்டிதான். உள்ளே தள்ளுமுன் அப்சலாம் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"இருக்கறதே ஒன்னு. அது எதோட மாறப் போவுது?" என்பாள் ஸொஹ்ரா.

அவர் சிவப்பு நூல் இல்லை என்று தடவிப் பார்த்த பிறகே தள்ளுவார்.